ஜெயித்த வழக்கு, தோற்ற ஆறு

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் போய்க் கேட்டாலும் வேலூரைத் தெரியும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியையும் கோட்டையையும் விட்டுவிடுங்கள். ஒரு வழக்குக்காகத் தெரியும். ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய அரசு’ என்ற தீர்ப்பைப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டப் பரீட்சை எழுத முடியாது. நாசம் செய்தவர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. நாசம் வரும் என்று தெரிந்தாலே தடுக்க வேண்டும், விஞ்ஞான நிரூபணம் முழுசாக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் இந்த நாட்டின் சட்டம்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கு அது. சொன்ன தேதி 1996 ஆகஸ்ட் 28.

சரி, அந்த வழக்கு எந்த ஆற்றுக்காகப் போடப்பட்டதோ அந்தப் பாலாற்றைப் போய்ப் பாருங்கள். மழை வந்தால் ஆம்பூர் பக்கம் மாரப்பட்டில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குகிறது. பேப்பரில் படம் வருகிறது. மழை நின்றதும் நுரையும் அடங்குகிறது, செய்தியும் அடங்குகிறது.

வழக்கு ஜெயித்துவிட்டது. ஆறு ஜெயிக்கவில்லை. இது எப்படி சாத்தியம்?

கோர்ட் மோசம், அரசு மோசம், முதலாளி மோசம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அது சுலபம். அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பொதுப் பிரச்னையில் தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்?

*

பாலாற்றங்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர் போன பேரூராட்சி. ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி டேனரிகள் நெருக்கியடிக்கும் ஊர் இல்லை. மலையிலிருந்து இறங்கும் உத்திர காவேரி இந்தப் பக்கமாக ஓடித்தான் பாலாற்றில் சேர்கிறது.

ஆனால் தோல் இல்லாமல் இந்த வட்டாரத்தில் எந்த ஊரும் இல்லை. சந்தையில் ஆடு கைமாறுகிறது. அந்தத் தோலுக்கு வெகுதூரம் போக வேண்டிய அவசியம் இல்லை. இன்னொரு பக்கம், சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. ஷூ கம்பெனிகளுக்குப் பெண்கள் ஏறிப் போகிறார்கள். கீழே ஆற்றங்கரைக்காரருக்குக் கிணறு போனது. மேலே இருப்பவருக்குச் சம்பளம் வருகிறது. ஒரே தொழில், இரண்டு கணக்கு.

இதனால்தான் இந்தப் பிரச்னை சினிமாக் கதை மாதிரி நல்லவன், கெட்டவன் என்று பிரிய மறுக்கிறது. அண்ணன் நிலத்தில் உப்புப் பூத்து விவசாயம் படுத்துவிட்டது என்றால், தம்பி பெண்டாட்டி அதே தொழிலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பார். அந்தக் குடும்பத்தை எந்தப் பக்கம் நின்று கோஷம் போடச் சொல்வீர்கள்?

*

இந்த நாசம் எப்படி வந்தது என்பதில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. வேலூர்ப் பக்கம் தோல் பதனிடுவது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொழில். பழைய முறையில் ஆவாரம் பட்டை மாதிரியான மரப்பட்டைகளைப் போட்டு ஊறவைத்தார்கள். அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலேறியது. மீதி வேலையை வெளிநாட்டில் செய்துகொண்டார்கள், லாபத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

‘நாமே முழுசாகச் செய்து விற்றால் என்ன?’ என்று மத்திய அரசு கேட்டது. 1972-ல் சீதாராமையா கமிட்டி பரிந்துரை செய்தது. அதன்பின் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுசாகப் பதனிட்ட தோலும் ஷூவும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது கொள்கை. கேட்க நியாயமான கொள்கைதான். டாலரும் வந்தது, வேலையும் வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் செய்ய விரும்பாத அழுக்கு வேலையும் சேர்ந்தே வந்தது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனங்கள் என்று 1996 தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. தோல் அழுகாமல் இருக்க உப்பு. முடி போக சுண்ணாம்பும் சல்ஃபைடும். பதப்படுத்த குரோமியம். அத்தனையும் கழுவி எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான் போகும். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கிற பாலாறுதான் அந்தப் பள்ளம். தண்ணீர் ஓடுகிற ஆறாக இருந்தால் விஷம் கொஞ்சம் நீர்த்துப் போகும். ஓடாத ஆற்றில் அப்படியே கீழே இறங்கி, கிணற்றுக்குள் வரும்.

டாலர் கணக்கைப் போட்ட டெல்லி இந்தக் கணக்கை அப்போது போடவில்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-ல். எட்டு வருஷம். தொழிலை வளர்க்க ஓர் அவசரம், அதைக் கண்காணிக்க ஒரு நிதானம். இது நம் அரசுகளின் பிறவிக் குணம்.

*

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வக்கீல் எம்.சி. மேத்தா. ஐந்து வருஷம் கழித்து நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு கோர்ட்டில் வைக்கப்பட்டது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்றது அந்தக் கணக்கு. ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட டேனரிகள். பத்து வருஷமாக வாரியம் கெஞ்சியும் அவர்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்டவில்லை என்பதைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி வேண்டும், இல்லையென்றால் மூடு. நஷ்டஈட்டைக் கணக்குப் போடத் தனி ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்று ‘பசுமை பெஞ்ச்’. எல்லாம் அருமையான உத்தரவுகள்.

பலன் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வடிகட்டாமல் நேராகத் திறந்துவிட்ட காலம் பெருமளவு போனது. ஆனால் அந்த நிலையங்கள் ஆரம்பத்தில் குரோமியத்தைக் குறைத்தன, நாற்றத்தைக் குறைத்தன. தண்ணீரில் கரைந்த உப்பை ஒன்றும் செய்யவில்லை. தென்னை மரத்துக்குச் சாவு குரோமியத்தால் வந்தாலும் சாவுதான், உப்பால் வந்தாலும் சாவுதான். பிறகு உப்பையும் பிரித்தெடுக்கும் முறை வந்தது. பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த பிரச்னை.

நஷ்டஈடு? 2001 மார்ச்சில் ஆணையம் கணக்குக் கொடுத்தது. 547 டேனரிகள், பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு, ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும். அதுவும் 1998 வரையிலான சேதத்துக்கு. கால்குலேட்டரை எடுங்கள். தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். சுமார் ஏழு வருஷ விளைச்சலுக்கும் செத்த கிணற்றுக்கும் சேர்த்து! இன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு சுமாரான செல்போன் வாங்கலாம். குத்தகைக்கு உழுதவர், களை எடுத்துப் பிழைத்தவர், இவர்கள் இழந்த கூலியை எந்தப் பட்டாவில் தேடிக் கணக்குப் போடுவது?

அந்தச் சொற்பப் பணமாவது எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் இதே பாலாறு விவகாரத்தில் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். நஷ்டஈடு கிடைக்காதவர்களுக்கு உடனே கொடு. அரசே முதலில் கொடுத்துவிட்டு, நாசம் செய்தவர்களிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு கமிட்டி போடு. இந்தத் தடவை உத்தரவு போட்டதோடு விடமாட்டோம், நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து பார்ப்போம்.

1991-க்கும் 2025-க்கும் நடுவில் 34 வருஷம். வழக்குப் போட்ட வருஷம் பிறந்த குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருக்கும்.

*

இந்த 34 வருஷத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். யாரும் சும்மா இல்லை. எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டேதான் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பிரச்னையைத் தங்களுக்குச் சௌகரியமான உருவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வாரியத்துக்கு அது நோட்டீஸ். அனுப்பியாகிவிட்டது, பதிலும் வந்தாகிவிட்டது, ஃபைலில் இருக்கிறது.

முதலாளிகளுக்கு அது வேலைவாய்ப்பு. ‘எங்களை மூடினால் இத்தனை ஆயிரம் பேர் பட்டினி’ என்பது உண்மைதான். அதே உண்மை முப்பது வருஷமாகக் கேடயமாகவும் பயன்படுகிறது. தொழிலாளி மேல் உள்ள அக்கறையின் அளவை 2015-ல் பார்த்தோம். அந்த வருஷம் ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றில் விடக் கூடாது என்று கோர்ட் சொன்ன விஷம், ஆற்றுக்குப் போகாமல் அவர்கள் படுக்கைக்குப் போனது. அவர்கள் இந்த வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லாதவர்கள்.

அரசியல் கட்சிகளுக்குப் பாலாறு என்றால் ஆந்திரா. 2006-ல் குப்பம் பக்கம் கணேசபுரத்தில் ஆந்திர அரசு அணை கட்டப் போகிறது என்றதும் எத்தனை அறிக்கை, எத்தனை ஆர்ப்பாட்டம்! 1892-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தை எல்லோரும் தூசு தட்டி எடுத்தார்கள். எடுத்ததில் தப்பே இல்லை, தண்ணீர் நம் உரிமை. ஆனால் 348 கிலோமீட்டர் பாலாற்றில் 222 கிலோமீட்டர் ஓடுவது தமிழ்நாட்டுக்குள். அந்த 222 கிலோமீட்டரில் நாமே அள்ளிய மணலுக்கும் நாமே விட்ட கழிவுக்கும் எந்த மாநில எல்லையில் போய் மறியல் செய்வது? எதிரி வெளியில் இருந்தால் எல்லாக் கட்சியும் உண்டு. எதிரி உள்ளூரில், அதுவும் நன்கொடை கொடுக்கிற இடத்தில் இருந்தால் ஒரு கட்சியும் இல்லை. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு கழகங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அரசு நிர்வாகத்துக்கு அது எல்லைப் பிரச்னை. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஒடுகத்தூர் வேலூரில். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில். ராணிப்பேட்டை தனி மாவட்டம். சர்டிஃபிகேட் வாங்க அலைகிற ஜனங்களுக்கு இது வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஆறு பிரியவில்லையே. ஒரே விஷத்துக்கு மூன்று கலெக்டர் ஆபீஸில் மனு.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுற்றுச்சூழல் பேசிக்கொண்டே தோல் தொழிலை ‘அசிங்கமான தொழில்’ என்று மூக்கைப் பிடிப்பவர்கள். இந்தத் தொழிலில் தொட்டியில் இறங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், ஏழை முஸ்லிம்கள். மூக்கைப் பிடிக்கிறவரின் கோபம் குரோமியத்தின் மீதா, அந்த மனிதர்கள் மீதா என்று சந்தேகம் வருகிறது. திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் நொய்யலைக் கொன்றபோது பனியனை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்கு அங்கேயும் நாசம் நடந்திருந்தது. விஷத்தை எதிர்ப்போம். தோலைத் தொடுகிறவரை எதிர்ப்பதற்கு அதில் சீட்டு வாங்க வேண்டாம்.

கடைசியாக நாம். பத்திரிகை படிக்கிற, டி.வி. பார்க்கிற, ஷூ போடுகிற நாம். நமக்கு அது தீர்ப்பு. ‘சுப்ரீம் கோர்ட் சாட்டையடி’ என்று தலைப்புப் படித்தோம், திருப்தியாகக் காபி குடித்தோம். கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதி. பொதுநல வழக்கு என்ற அற்புதமான ஆயுதத்துக்கு இருக்கும் பெரிய பக்கவிளைவு இதுதான். ஒரு சிலர் போராடி ஜெயித்துத் தருகிறார்கள். ஜெயித்த மறுநிமிஷம், போராடவே வராத லட்சக்கணக்கான பேர், வேலை முடிந்துவிட்டது என்று கலைந்துபோகிறோம்.

*

ஜப்பானில் மினமாட்டா என்று ஓர் ஊர். சிஸோ என்ற ரசாயனக் கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீனைத் தின்றவர்களின் நரம்புக்குள் போனது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-ல். காரணம் இதுதான் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். அரசுகளின் பிறவிக் குணத்துக்குத் தேச எல்லை இல்லை பாருங்கள்.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் செய்தது வேறு. சிஸோ கம்பெனியில் ஆளுக்கொரு பங்கு வாங்கினார்கள். ஒரே ஒரு பங்கு. பங்குதாரர் என்றால் கூட்டத்துக்குள் வராதே என்று சொல்ல முடியாதே! 1970 நவம்பரில் ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு, யாத்திரை போகிறவர்களின் வெள்ளை உடுப்பில் போய் நின்றார்கள். கம்பெனித் தலைவரின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள்.

முக்கியமான கட்டம் அதற்குப் பிறகு. 1973 மார்ச்சில் குமமோட்டோ கோர்ட்டில் வழக்கு ஜெயித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டோக்கியோவில் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்கே போகாத நோயாளிகளுக்கும் பணம் வேண்டும், மருத்துவச் செலவு வேண்டும், உயிரோடு இருக்கும்வரை உதவித்தொகை வேண்டும் என்றார்கள். ஜூலையில் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. கோர்ட் கொடுத்ததைவிட அதிகம் வாங்கினார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நோயாளி என்றே அங்கீகரிக்கப்படாதவர்களின் வழக்குகள் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தன. ஆனால் தீர்ப்பு என்பது போராட்டத்தின் நடுப்பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது கடைசிப் பக்கம்.

*

‘சரி, நாங்கள் என்ன செய்யணும்ங்கறே?’ என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. உண்ணாவிரதம் இருக்கச் சொல்லவில்லை. சின்ன விஷயம்தான்.

ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் மூன்று எண்களைப் பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு. குரோமியம் எவ்வளவு. எந்தத் தேதியில் எடுத்த கணக்கு. பக்கத்திலேயே, இருக்க வேண்டிய அளவையும் எழுத வேண்டும். குடிநீரில் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், குரோமியம் 0.05-க்குள். இரண்டு எண்ணையும் ஒப்பிட விஞ்ஞானி தேவையில்லை. மளிகைக் கடை பாக்கி பார்க்கத் தெரிந்தால் போதும்.

பரிசோதனை அறிக்கை எல்லாம் எங்கேயோ இருக்கத்தான் இருக்கிறது. அது நம் சுவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். தகவல் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும். 2022 முதல் சேர்த்த இரண்டு நாட்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்காவது தண்ணீரைப் பற்றிப் பேசலாமே. பாலாற்றங்கரை ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் ஒரே நாளில் ஒரே கேள்வியைத் தீர்மானமாகப் போட்டால், மூன்று கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரே தபால் போகும். ஒடுகத்தூர் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. ‘எங்கள் பக்கம் டேனரி இல்லையே’ என்று அவர்கள் ஒதுங்க வேண்டாம். சம்பளத்தில் பங்கு உண்டென்றால் கேள்வி கேட்பதிலும் பங்கு உண்டு. கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களின் குரலை, ‘வேலை போய்விடும்’ என்று மிரட்டி அடக்குவது கஷ்டம். அந்த வேலையைச் செய்கிறவர்களே அவர்கள்தான்.

தொழில் இருக்க வேண்டும், தண்ணீரும் இருக்க வேண்டும் என்பது பேராசை இல்லை. கழிவைச் சுத்தம் செய்யும் செலவையும் தோலின் விலையில் சேர்த்துப் போட வேண்டும். அதைத்தான் 1996-லேயே கோர்ட் சொன்னது. அப்படிப் போட்டால் ஷூ விலை ஏறும். ஏறட்டும். இதுவரை அந்த வித்தியாசத்தை ஆற்றங்கரை விவசாயி தன் கிணற்றைக் கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வாங்குகிற நாமும், ஐரோப்பாவில் வாங்குகிறவரும் கட்டுவதுதான் நியாயம்.

2025 தீர்ப்பில் கோர்ட் ஃபைலை மூடவில்லை, திறந்தே வைத்திருக்கிறது. கமிட்டி என்ன செய்தது என்று கேட்பதற்கு இன்னொரு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பத்து ரூபாயும் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தால் இந்த வாரமே கேட்கலாம்.